நினைவிழந்த தாயைப் படம் எழுதலாமா?



ஒரு வீட்டில் வயதான தாய்க்கு நினைவு தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெற்ற மகளையே பார்த்து, "நீ யாரம்மா, எந்த ஊர்?" என்று கேட்கிறாள். காலையில் உண்டதைப் பத்து மணிக்குள் மறந்துவிட்டு, தனக்கு யாரும் சோறு போடவில்லை என்று அண்டை வீட்டாரிடம் முறையிடுகிறாள். மகள் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, உடை மாற்றி, வீட்டு வேலைகளையும் முடித்தபின், மாலையில் கட்டிலருகே அமர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாயின் முகத்தைப் பென்சிலால் வரைகிறாள். நாளுக்கு ஒரு படம். பார்த்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "பாவம், அவளுக்கும் ஓர் ஆறுதல் வேண்டாமா?" என்பார் சிலர். "பெற்ற தாய் இப்படிக் கிடக்கிறாள், இவளுக்குப் படம் எழுத மனசு வருகிறதே! இந்த அலங்கோலத்தை எழுதி வைத்து யாருக்குக் காட்டப் போகிறாள்?" என்பார் வேறு சிலர்.

இவ்விரு பேச்சில் எது நியாயம்? தாய் தந்தையரைச் சங்கிக்க வேண்டும் என்பது நாலாங் கற்பனை. நினைவிழந்த தாய் தந்தையரின் உருவத்தை வரைவதும், வர்ணம் தீட்டுவதும், புகைப்படம் எடுப்பதும் அந்தச் சங்கைக்குள் அடங்குமா, அல்லது அதற்கு விரோதமாகுமா? இது சித்திரக்காரர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். இன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. அதற்குள் புகைப்படக் கருவியும் இருக்கிறது. ஆகையால் இக்கேள்வி நம் எல்லோரையும் சேர்ந்தது. சற்றுப் பொறுமையாய் ஆராய்வோம்.

வியாதியைப் பற்றிச் சில வார்த்தைகள்

1901ஆம் ஆண்டில், ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில் இருந்த மனநோய் மருத்துவமனையில் 51 வயதுள்ள ஒரு பெண்மணியைச் சேர்த்தார்கள். அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் அவளைச் சோதித்தார். பெயரை எழுதச் சொன்னால் அவளால் எழுதி முடிக்க இயலவில்லை. தன்னையே தான் தொலைத்துவிட்டதாக அவள் சொன்னாள் என்று குறிப்பு இருக்கிறது. 1906இல் அவள் இறந்தபின், அவளுடைய மூளையில் கண்ட மாறுதல்களை அவ்வைத்தியர் டூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில் எடுத்துரைத்தார். 1910இல் வியாதிக்கு அவர் பெயரே இடப்பட்டது. மறதி வியாதிகள் பலவகை. அவற்றுள் மிகுதியாய்க் காணப்படுவது இதுவே. நம் இந்திய தேசத்தில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறக்குறைய 88 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், இவ்வகை வியாதிகளால் பீடிக்கப்பட்டிருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எனவே இது நம் தெருவில் இல்லாத வியாதி என்று யாரும் சொல்ல முடியாது.

இவ்வியாதியில் ஞாபகம் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. நேற்று நடந்தது முதலில் போகும். ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்தது நெடுநாள் நிற்கும். கை பழகிய வேலைகள் அதைவிட நெடுநாள் நிற்கும். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் குருக்கள் எல்லோரும் அறிந்த காரியம் ஒன்று உண்டு: மகன் பெயரைச் சொல்லத் தெரியாத கிழவி, அருள்நிறைந்த மந்திரத்தைத் தொடங்கிக் கொடுத்தால், தடுமாறாமல் ஆமென் மட்டும் சொல்லி முடிப்பாள். இன்னொன்றும் உண்டு. நடந்த சம்பவம் மறந்துபோகும். ஆனால் அந்தச் சம்பவம் மனத்தில் எழுப்பிய சந்தோஷமோ துக்கமோ, சம்பவம் மறந்தபிறகும் சிறிது நேரம் தங்கும். நாம் கடுகடுத்துப் பேசியதை அவள் மறப்பாள். கடுகடுப்பினால் உண்டான கலக்கத்தை அவ்வளவு சீக்கிரம் மறக்கமாட்டாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதுமையில் வரும் மறதியெல்லாம் இவ்வியாதி அல்ல. தைராய்டு சுரப்பிக் குறைவு, பி-12 என்னும் வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, உடம்புக்குள் இருக்கும் தொற்று முதலியவற்றாலும் நினைவு தடுமாறலாம். அவற்றுட் பல சிகிச்சையால் நீங்கக்கூடியவை. ஆகையால், "வயசானால் இப்படித்தான்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாமல், முதலில் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

தாய் போய்விட்டாளா?

நம் கேள்விக்கு அடிப்படையாய் இன்னொரு கேள்வி இருக்கிறது. கட்டிலில் இருப்பவள் யார்? "அம்மா எப்போதோ போய்விட்டாள், இருப்பது வெறும் உடம்பு" என்று அலுத்துப் போன பிள்ளைகள் சொல்வதுண்டு. அவர்கள் அறியாமலே ஓர் ஆங்கிலத் தத்துவ ஞானியின் சீடர்களாகிவிடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் லாக் என்பவர், ஒருவனை இன்றும் நேற்றும் ஒரே ஆளாக்குவது அவனுடைய உணர்வும் நினைவுமே என்று போதித்தார். அது மெய்யானால், நினைவு போனவுடன் ஆளும் போய்விட வேண்டும்.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் வேறுவிதமாய்ப் போதிக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் எழுதிய தமது வேதசாஸ்திரப் பெருநூலின் முதற் பாகம், 84ஆம் கேள்வியில், சரீர உறுப்புக்குச் சேதம் உண்டாகி ஞாபகம் தடைப்பட்டவர்களைப் பற்றி அவர் பேசுகிறார். அவர்கள் முன்பு நன்றாய் அறிந்திருந்த காரியங்களைக்கூட இப்போது நினைத்தறிய முடியாமல் தடைப்படுகிறார்கள் என்கிறார். தடைப்படுவது ஒன்று, அழிவது வேறொன்று. வீணையின் தந்தி அறுந்தால் வித்துவான் வாசிக்க முடியாது. அதனால் அவன் வித்துவான் அல்ல என்று ஆகிவிடுமோ? கருவி பழுதுபட்டது, கருவிக்கு உரியவள் இருக்கிறாள்.

தத்துவ சாஸ்திரம் வேண்டாம் என்பவர்களுக்கும் எளிதான நியாயம் ஒன்று உண்டு. நாம் பிறந்த முதல் இரண்டு மூன்று வருஷங்கள் நம்மில் யாருக்காவது நினைவிருக்கிறதா? இல்லை. நமக்கு நினைவில்லாததால் அந்த வருஷங்களில் நாம் ஆளாய் இல்லாமற் போனோமோ? அந்த வருஷங்களை நமக்காக நினைவில் வைத்திருந்தவள் தாய். எப்போது பல் முளைத்தது, எந்த மழைநாளில் காய்ச்சல் கண்டது, எந்தத் திண்ணையிலிருந்து விழுந்தோம் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஒருவனுடைய நினைவு அவனுக்குள் மட்டும் இருப்பதல்ல. அவனை நேசிப்பவர்களிடத்திலும் அது வைப்பாக இருக்கிறது. அன்று அவள் நமக்காக வைத்திருந்ததை இன்று நாம் அவளுக்காக வைத்திருக்க வேண்டிய முறை வந்திருக்கிறது. படம் எழுதுவது நியாயமா என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் விடை தேட வேண்டும்.

எழுதியவர்கள் சிலர்

டியூரர் என்னும் புகழ்பெற்ற ஜெர்மானியச் சித்திரக்காரர் 1514ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தம் தாயாகிய பார்பராவைக் கரியால் வரைந்தார். அந்த அம்மாளுக்கு மறதி வியாதி இருந்ததென்று எண்ண வேண்டாம். ஆனால் வயது 63, பெற்ற பிள்ளைகள் 18, அநேகரைப் புதைத்தவள், நோயினால் மெலிந்தவள். மகன் எதையும் மறைக்கவில்லை. நெற்றிச் சுருக்கமும், ஒரு பக்கமாய் ஒதுங்கிய கண்ணும், கழுத்தில் எழும்பிய நரம்பும், தோலுக்கு மேல் தெரியும் எலும்பும் அப்படியே இருக்கின்றன. இரண்டு மாதத்தில் அவள் இறந்தாள். அந்தச் செய்தியையும் மகன் அதே தாளில் குறித்து வைத்தார். ஐந்நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. பெர்லின் நகரத்துச் சித்திரக் காட்சிசாலையில் இருக்கும் அந்தத் தாளைப் பார்க்கிறவர்கள் அவளை அருவருப்பதில்லை. வணங்கத்தக்க முகம் என்றே நிற்கிறார்கள்.

நம் காலத்தில் டானா வால்ராத் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், நினைவிழந்த தம் தாயைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். தாயின் பெயர் ஆலிஸ். அதே பெயருள்ள பெண்குழந்தை விந்தை உலகத்துக்குள் போகும் பிரசித்தமான ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்று உண்டல்லவா? அப்புத்தகத்தின் தாள்களைத் துண்டு துண்டாய் வெட்டி, தாயின் அங்கியாகப் படத்தில் ஒட்டினார். தாய் இல்லாததைக் காண்பதும் நேரம் காலம் தப்பிப் பேசுவதும் அப்படங்களில் பைத்தியமாய்த் தோன்றவில்லை. வேறொரு தேசத்தில் பிரயாணம் செய்பவளாகவே அவள் தோன்றுகிறாள்.

ராஸ் சாஸ்ட் என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரி, தொண்ணூறு கடந்த தம் பெற்றோரின் கடைசி வருஷங்களைப் படக்கதையாய் 2014இல் வெளியிட்டார். தந்தைக்கு மறதி நோய். மகளின் அலுப்பு, கோபம், பணக் கவலை ஒன்றையும் அவர் மூடி மறைக்கவில்லை. ஆனால் புத்தகத்தின் முடிவில், படுக்கையில் கிடக்கும் தாயை வரையும்போது, கேலிச்சித்திரக் கோடுகளை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிந்தபடியே நிதானமாய் வரைந்திருக்கிறார். அதுவரை வேடிக்கை பேசிய கை அங்கே பணிந்துவிடுகிறது.

கானடா தேசத்துச் சித்திரக்காரர் டோனி லூச்சியானியின் தாய் எலியா, 91 வயதில், மறதி தொடங்கிய நிலையில் மகன் வீட்டுக்கு வந்தாள். மகன் அவளைப் புகைப்படம் எடுக்கத் தொடங்கினார். சில நாளில் தாயே, இப்படி நிற்கட்டுமா, அப்படிச் செய்யலாமா என்று யோசனை சொல்லலானாள். ஒன்றுக்கும் உதவாதவளாய் ஒரு மூலையில் உட்கார வேண்டியவள், மகனுக்குக் கூட்டாளியானாள்.

எழுதும் கைக்கு ஏன் ஆறுதல் கிடைக்கிறது?

மரணம் நேர்ந்தால் துக்கத்துக்கு ஒரு பாதை உண்டு. துக்கமணி அடிக்கிறது, ஊர் கூடுகிறது, பூசை, அடக்கம், ஏழாம் நாள், முப்பதாம் நாள், கல்லறைத் திருநாள் என்று திருச்சபை நம்மைக் கைப்பிடித்து நடத்துகிறது. ஆனால் தாய் உயிரோடிருக்கும்போதே கொஞ்சங் கொஞ்சமாய் நழுவிப் போனால், அதற்கு மணியும் இல்லை, அடக்கமும் இல்லை. அவள் நம் பெயரை மறந்த நாளன்று யாரும் நம் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருவதில்லை. பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வகைத் துயரைத் தனியாய்ப் பிரித்து ஆராய்ந்தார்: ஆள் இருக்கிறார், இல்லாதவராகவும் இருக்கிறார், இழப்பு முடிந்ததென்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்கிறார். இந்த ரெண்டுங்கெட்டான் நிலைதான் பிள்ளைகளை வாட்டுகிறது.

உருவமில்லாத துயருக்கு உருவம் கொடுப்பது சித்திரம். இன்றைய நாள் இப்படி இருந்தது என்று ஒரு தாளில் இறக்கி வைத்துவிட்டால், அந்தப் பாரம் நெஞ்சை விட்டுச் சற்று வெளியே நிற்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்று. பராமரிப்பவர்கள் நாள் முழுதும் தாயைப் பார்க்கிறார்கள். ஆனால் எதற்காகப் பார்க்கிறார்கள்? மாத்திரை விழுங்கினாளா, படுக்கை நனைந்ததா, கதவைத் திறந்து வெளியே போனாளா என்று பார்க்கிறார்கள். அது காவற்காரன் பார்வை. வரைய உட்கார்ந்தவளுக்கு அந்தப் பார்வை போதாது. காதின் வளைவையும், தாலி கிடந்து தேய்ந்த கழுத்தையும், அரிவாள்மணையில் பட்ட பழைய காயத்தின் தழும்பையும் பார்த்தாக வேண்டும். அரைமணி நேரம் அவளிடமிருந்து ஒன்றும் எதிர்பாராமல், அவளைத் திருத்தாமல், அவளையே பார்த்துக்கொண்டிருப்பது. இது நேசத்தின் பார்வை அன்றோ? படம் நன்றாய் அமைந்ததா என்பது இரண்டாம் பட்சம்.

ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம் வேதாகமத்திலிருந்தே எழுகிறது. நோவே மதுமயக்கத்தில் ஆடையின்றிக் கிடந்தபோது, காம் என்னும் மகன் கண்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இரு குமாரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்புறமாய் நடந்து சென்று, போர்வையால் தந்தையை மூடினார்கள். நினைவிழந்த தாயைப் படம் எழுதுகிறவன் காமின் வழியைப் பின்பற்றுகிறவன் அல்லவா?

மறுமொழி: காம் செய்த குற்றம் எங்கே இருக்கிறது? கண்டதில் அல்ல, தந்தையின் பலவீனத்தைப் போர்த்தாமல் விட்டுவிட்டு, அதை வெளியே செய்தியாக்கியதில் இருக்கிறது. மற்ற இருவரும் விரித்த போர்வை யாருக்காக? தந்தைக்காக. இதை நன்றாய்க் கவனியுங்கள். நம்மில் சில குடும்பத்தார் நினைவிழந்த தாயைப் பின்கட்டு அறையில் அடைத்து, விருந்தாளி வந்தால் கதவைச் சாத்தி, பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவள் இருப்பதையே சொல்லாமல் மறைக்கிறார்கள். கேட்டால், அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். அந்தப் போர்வை தாயை மூடவில்லை. குடும்பத்தின் கௌரவத்தை மூடுகிறது. ஆகவே மறைப்பதெல்லாம் சங்கையும் அல்ல, காட்டுவதெல்லாம் அவமதிப்பும் அல்ல. பலவீனம் வேறு, இழிவு வேறு. டியூரர் தாயின் பலவீனத்தைக் காட்டினார், இழிவைக் காட்டவில்லை. தாய் குளிக்க மறுத்துக் கூச்சலிடுவதையும், ஆடை கலைந்து திரிவதையும் கைப்பேசியில் பிடித்து, பார்த்துச் சிரிக்கும்படி வாட்ஸாப்பில் அனுப்புகிறவன் காமின் வழியில்தான் நடக்கிறான். அதற்குக் கலை என்று பெயரிட்டாலும், ஞாபகார்த்தம் என்று பெயரிட்டாலும் பாவம் பாவமே.

இரண்டாம் ஆட்சேபம்: தாயின் சம்மதம் இல்லையே? இது கனமான ஆட்சேபம். முழுமையான மறுமொழி இதற்கு உண்டு என்று நான் பாசாங்கு செய்யமாட்டேன். லூச்சியானியின் தாய் தானே சேர்ந்துகொண்டாள். இலண்டன் நகரில் வாழ்ந்த வில்லியம் உட்டர்மோலன் என்னும் சித்திரக்காரர், 1995இல் தமக்கு அல்சைமர் நோய் என்று தெரிந்தபின், தம் முகத்தைத் தாமே வருஷா வருஷம் எழுதினார், கோடுகள் சிதைந்து முகமே கரைந்துபோகும் மட்டும் எழுதினார், 2007இல் காலமானார். அவர் தம்மைத் தாமே காட்டினார். அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. நம் தாய்க்கோ கேள்வியே விளங்குவதில்லை. என்ன செய்வது? மூன்று படிகளைச் சொல்வேன். வியாதி தொடங்கும் காலத்தில் அவளுக்கு இன்னும் விளங்கும்; அப்போதே கேட்டுவிடுங்கள். அந்தக் காலம் கடந்துவிட்டால், அவள் நல்ல சுகத்தோடு இருந்தபோது எதை விரும்பியிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். முந்தானை விலகியிருந்தால் வாசற்படிக்குக்கூட வராதவள், தலைவாரிப் பூ வைக்காத கோலத்தில் ஊரார் முன் நிற்கச் சம்மதிப்பாளா? மூன்றாவதாக, இன்றும் அவளுக்கு ஒரு பாஷை இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கையால் தள்ளுவதும், கண் கலங்குவதும் அந்தப் பாஷை. அவள் அப்படிச் செய்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். இம்மூன்றையும் கைக்கொண்ட பிறகும் சிறிது சந்தேகம் மிஞ்சும். அந்தச் சந்தேகம் இருப்பது நல்லது. அது கையை அடக்கி வைக்கும்.

மூன்றாம் ஆட்சேபம்: சித்திரக்காரன் கண் ஈரமற்றது, அது துயரத்திலும் வர்ணத்தைத் தேடும். இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. 1879இல் மோனே என்னும் பிரெஞ்சுச் சித்திரக்காரரின் மனைவி கமீல் 32 வயதில் இறந்தாள். அவள் மரணப் படுக்கையில் கிடக்கும்போது அவர் அவளை வரைந்தார். பின்னாளில், இறந்த முகத்தில் நீலமும் மஞ்சளும் சாம்பலுமாய் மாறிவரும் வர்ணங்களைத் தம் கண் தானாகவே கணக்கெடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு தாமே திடுக்கிட்டதாகத் தம் நண்பர் கிளமென்சோவிடம் சொன்னார்.

மறுமொழி: அவர் திடுக்கிட்டார் என்பதைக் கவனியுங்கள். ஈரமற்ற இருதயம் திடுக்கிடாது. வைத்தியருக்கும் சற்று விலகிய பார்வை வேண்டும்; தன் பிள்ளையின் முள்ளைப் பிடுங்கும் தாய்க்கும் அந்த நிமிஷத்தில் கண்ணீர் கூடாது. விலகிப் பார்ப்பது தன்னிலே பாவமல்ல. விலகிய பிறகு திரும்பி வருகிறோமா என்பதே கேள்வி. படத்தை முடித்தவுடன் தாயின் கையைப் பிடிக்கத் தோன்றுகிறதா, அல்லது படத்தை யாரிடம் காட்டலாம் என்று தோன்றுகிறதா? இதை ஒவ்வொருவரும் தம்தம் மனச்சாட்சியைக் கேட்டறியலாம்.

நாலாம் ஆட்சேபம்: அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு வேலை செய்யலாமே? மறுமொழி: கடமை முந்தியது, சந்தேகமில்லை. தாய் பசித்திருக்கப் படம் எழுதுவது குற்றம். ஆனால் இரவும் பகலும் ஒரே ஆள் சுமந்தால் அந்த ஆள் ஒருநாள் விழுவாள்; அல்லது கை ஓங்குவாள். இதைத் திறந்து பேச நாம் வெட்கப்படுகிறோம். பொறுமை இழந்து தாயை அடித்துவிட்டு அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அரைமணி நேரம் இளைப்பாறிய மகள் மறுநாளும் பொறுமையோடு ஊட்டுவாள். சீராக் ஆகமம் கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 180 வருஷங்களுக்கு முன் எழுதப்பட்டது. தந்தையின் புத்தி குறைந்துபோனாலும் பொறுத்துப்போக வேண்டும், உன் பலத்தை நினைத்து அவரை இகழக்கூடாது என்ற கருத்து அதிலேயே காணப்படுகிறது. அல்சைமருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னும் இந்தப் பாரம் வீடுகளில் இருந்தது. பொறுமை கட்டளையாகவே விதிக்கப்பட்டது. பொறுமைக்கு உதவுவது எதுவோ, அது கடமைக்கு விரோதி அல்ல.

உண்மையான ஆபத்து

இந்த ஆட்சேபங்களில் சொல்லப்படாத ஆபத்து ஒன்று இருக்கிறது. அது, இருக்கும் தாயை விட்டுவிட்டு இருந்த தாயை நேசிப்பது. சுவரில் கலியாணப் புகைப்படம் தொங்குகிறது. அதில் இருபது வயதுப் பெண் சிரிக்கிறாள். பிள்ளைகள் அந்தப் படத்துக்கு மாலை போட்டு, "எங்கள் அம்மா எப்படி இருந்தாள் தெரியுமா!" என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். கட்டிலில் இருப்பவள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். சங்கை செய்ய வேண்டியது எந்தத் தாய்க்கு? நேற்றைய தாய்க்குக் கஞ்சி ஊட்ட முடியாது. ஆகவே பழைய அழகை மட்டும் எழுதிக்கொண்டிருப்பவன், இன்றைய முகத்தைப் பார்க்க அஞ்சுகிறான் என்றே பொருள். வால்ராத்தின் படங்களில் நான் மெச்சுவது இதுதான்: இன்று இருக்கிறபடியே தாயை ஏற்றுக்கொண்டு, அந்த நிலையிலேயே அவளை ஒரு கதைக்குத் தலைவியாக்கினார்.

இன்னொரு ஆபத்து, தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு. இங்கே தங்கை அம்மாவைத் தூக்கி உட்கார்த்தி, தலைவாரி, படம் பிடித்து அனுப்புகிறாள். அங்கே துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அண்ணன்மார் பார்த்து, கண்ணீர் விட்டு, இதயப்படம் ஒன்றைப் பதிலாய் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். பார்த்து உருகுவது அன்பின் ஆரம்பமாக இருக்கலாம். முடிவாக இருக்கக் கூடாது. தங்கைக்கு மாதம் பத்து நாள் உதவிக்கு ஓர் ஆளை அமர்த்திச் சம்பளம் கொடுப்பதும், விடுமுறையில் வந்து அவளை அனுப்பிவிட்டுத் தாமே இரவில் விழித்திருப்பதும் அண்ணனுடைய படமாய் இருக்கட்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

படம் எழுதத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம். தாயின் கையிலும் வேலையைக் கொடுங்கள். கோலம் போட்டுப் பழகிய விரலுக்குப் புள்ளிக் கணக்குத் தவறினாலும் மாவு இழுக்கும் இழை மறப்பதில்லை. ஒரு பலகையில் மாவைக் கொடுத்துப் பாருங்கள். கிறிஸ்மஸ் நெருங்கினால் குடிலுக்கு வேண்டிய காகித நட்சத்திரங்களை அவளருகே உட்கார்ந்து ஒட்டுங்கள். கோணலாய் ஒட்டினால் கோணலாகவே குடிலில் தொங்கவிடுங்கள். அவள் காணத் திருத்தாதீர்கள். பழைய குடும்பப் படங்களை எடுத்து, யார் யார் என்று பின்புறத்தில் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். ஆனால், "இவர் யார், சொல்லு பார்ப்போம்" என்று பள்ளிக்கூடப் பரீட்சை வைக்காதீர்கள். "இவர் நம்ம அப்பா, உங்களுக்கு மல்லிகைப்பூ வாங்கி வருவாரே" என்று நீங்களே சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகள் பாட்டியை வரைய விரும்பினால் தடுக்காதீர்கள். மாறிப்போன பாட்டியைக் கண்டு குழந்தைகள் பயப்படுவதுண்டு. கிட்ட உட்கார்ந்து வரைகிற குழந்தைக்குப் பயம் குறையும். வரைந்ததில் எதை வீட்டுக்குள் வைப்பது, எதை உறவினருக்குக் காட்டுவது என்பதைக் குடும்பமாய்க் கூடித் தீர்மானியுங்கள். ஒருவர் வேண்டாமென்றாலும் அது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

முடிவு

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுவே. நினைவிழந்த பெற்றோரைப் படம் எழுதுவது தன்னிலே குற்றமல்ல. கடமைக்குப் பின்னும், அவர்கள் மானத்துக்கு உட்பட்டும், இன்று இருக்கிறபடியே அவர்களை நேசிக்கும் நோக்கத்தோடும் செய்தால், அது சங்கையின் ஒரு வகை. கடமையை விட்டும், மானத்தைக் கெடுத்தும், பிறர் மெச்ச வேண்டும் என்றும் செய்தால், எவ்வளவு அழகிய படமானாலும் சங்கைக்குறைவு.

நம் நினைவும் ஒருநாள் போகலாம். நம்மைப் பெற்றவள் நம்மை மறந்ததுபோல, நாமும் நம் பிள்ளைகளை மறக்கலாம். அந்தப் பயம் இரவில் வரும்போது, இசையாஸ் தீர்க்கதரிசி ஆகமத்தின் 49ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பெற்ற தாய்கூட மறந்துபோகக் கூடும் என்பதைச் சர்வேசுரன் அங்கே மறுக்கவில்லை. தாம் மறப்பதில்லை என்று மட்டும் சொல்கிறார். மறவாமைக்கு அடையாளமாக அவர் காட்டுவது என்ன? தம் உள்ளங்கைகளில் நம்மைப் பொறித்து வைத்திருக்கிறார் என்பதையே. நேசிக்கிறவரின் கையில் நாம் எழுதப்பட்டிருக்கிறோம். அந்த எழுத்து நம் ஞாபகத்தை நம்பி நிற்பதல்ல.